கடை வாடகை ஒப்பந்தத்தில் நிலக் கையகப்படுத்தல் ஷரத்து: உரிமையாளருக்கு அது எந்த அளவுக்குப் பாதுகாப்பு?

டொங்காட் மாமரம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான ஒரு மாடிக் கட்டடம் உள்ளது. கீழ்த்தளம் முழுவதையும் ஒரு சூப்பர்மார்க்கெட் வாடகைக்கு எடுத்திருக்கிறது. மேல்தளத்தில் ஒரு பல் மருத்துவரும் ஒரு தையல் கடையும் இருக்கின்றனர். கட்டடத்துக்கு முன்னே, சாலையை ஒட்டி, வாடிக்கையாளர்கள் வண்டி நிறுத்தும் இடம் இருக்கிறது. சாலையை அகலப்படுத்த அந்த முன்துண்டு தேவைப்படலாம் என்று சென்ற மாதம் எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. முறையான கையகப்படுத்தல் அறிவிப்பு இன்னும் வரவில்லை.

இதே வேளையில் சூப்பர்மார்க்கெட்டின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. வழக்கம்போல 9 ஆண்டு 11 மாதங்களுக்கான ஒப்பந்தம். கட்டடத்தை நிர்வகிக்கும் முகவர் அனுப்பிய வரைவில், முன்பு இல்லாத ஒரு ஷரத்து சேர்ந்திருக்கிறது. நிலத்தின் எந்தப் பகுதியையேனும் அரசு எடுத்துக்கொண்டால் ஒப்பந்தம் அந்நாளிலேயே தானாக முடிவுறும் என்றும், கிடைக்கும் இழப்பீடு முழுவதும் உரிமையாளரையே சேரும் என்றும், வாடகைதாரர் எதற்கும் உரிமை கோரக் கூடாது என்றும் அது கூறுகிறது. இது உரிமையாளரைக் காப்பதற்காக எழுதப்பட்டது என்று முகவர் சொல்கிறார். என் அண்ணனோ, முன்னால் சில மீட்டர் நிலம் போனதற்காக முழு ஒப்பந்தமும் முறிந்தால் நமக்குத்தானே நட்டம் என்று கேட்கிறார்.

எங்கள் அம்மாவின் தலைமுறைக்கு அரசு நிலம் எடுக்கிறது என்ற பேச்சே கலக்கத்தைத் தருகிறது. டர்பனின் கேட்டோ மேனரில் தோட்டமும் வீடுமாக வாழ்ந்த நம்மவர்கள், 1958-இல் அப்பகுதி வெள்ளையருக்கென்று அறிவிக்கப்பட்ட பிறகு அங்கிருந்து அகற்றப்பட்டதை அவர்கள் மறக்கவில்லை. ஆகவே கையெழுத்திடுவதற்கு முன் தெளிவாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இத்தகைய ஷரத்து அரசிடமிருந்து எங்களைக் காக்குமா? காக்காது என்றால் அது எதற்காக இருக்கிறது? அதில் என்ன எழுதப்பட வேண்டும்?

பத்திர வாசகன் (பதில்)

வணக்கம், சகோதரி. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வணிக வாடகை ஒப்பந்தங்கள் எழுதும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் பத்திரங்களைப் பார்க்காமல் எழுதுவதால், இதை உங்கள் வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய கேள்விகளுக்கான அடிப்படையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: காக்காது. நீங்களும் வாடகைதாரரும் செய்துகொள்ளும் ஒப்பந்தம் உங்கள் இருவரைத்தான் கட்டுப்படுத்தும். அதில் கையெழுத்திடாத அரசை அது கட்டுப்படுத்தாது. அரசிடமிருந்து உங்களைக் காப்பது அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு. பொதுவாகப் பொருந்தும் ஒரு சட்டத்தின்கீழ், பொதுப் பயன்பாட்டுக்காகவோ பொதுநலனுக்காகவோ மட்டுமே சொத்தை எடுக்கலாம் என்றும், இழப்பீட்டின் அளவும் அதைக் கொடுக்கும் காலமும் முறையும் சம்பந்தப்பட்டவர்கள் ஒப்புக்கொண்டதாகவோ நீதிமன்றம் தீர்மானித்ததாகவோ ஏற்றுக்கொண்டதாகவோ இருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. ஷரத்தின் வேலை வேறு. நிலம் போன பிறகு உரிமையாளர், வாடகைதாரர், வங்கி ஆகிய மூவருக்கும் இடையில் யாருக்கு என்ன மிஞ்சும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்வதுதான் அதன் வேலை. அந்தச் சிறிய வேலையைச் சரியாகச் செய்யாத ஷரத்து, அரசு செய்யாத கெடுதலையும் உங்களுக்குச் செய்துவிடும்.

உங்களுக்கு வந்த வரைவு அமெரிக்க ஒப்பந்த மாதிரியிலிருந்து எடுக்கப்பட்டதாகத் தெரிகிறது. அங்கே பொதுவான முறை, முழுச் சொத்துக்கும் ஒரே இழப்பீட்டை நிர்ணயித்து, பிறகு அதை உரிமையாளரும் வாடகைதாரரும் பங்கிட்டுக்கொள்வது. வாடகைதாரருக்குப் போகும் பங்கு உரிமையாளரின் பங்கைக் குறைத்துவிடும் என்பதால், நிலம் எடுக்கப்பட்டவுடன் ஒப்பந்தம் தானாக முடியும் என்று எழுதி வாடகைதாரரை அந்தப் பங்கீட்டிலிருந்து நீக்குவது அங்குள்ள உரிமையாளர்களின் வழக்கம். 1946-இல் பெட்டி மோட்டார் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அப்படி முடிவுறும் ஒப்பந்தத்தை வைத்திருந்த வாடகைதாரருக்கு இழப்பீடு இல்லை என்று தீர்ப்பளித்தது. அந்த ஷரத்துக்கு அங்கே அவ்வளவு வலிமை இருக்கிறது.

நம் நாட்டில் கணக்கு வேறு. 1975-ஆம் ஆண்டின் கையகப்படுத்தல் சட்டத்தில் உரிமையாளரின் இழப்பீடு வேறு, பதிவு செய்யப்படாத வாடகை உரிமையை இழந்தவரின் இழப்பீடு வேறு. நிலம் எடுக்கப்படும்போது பதிவில்லாத வாடகை உரிமைகள் முடிவுக்கு வரும். வாடகை விற்பனைக்கு முந்தியது என்ற ரோமன்-டச்சுச் சட்டக் கோட்பாடு, கட்டடத்தை வாங்குபவரிடமிருந்து வாடகைதாரரைக் காக்கும். கையகப்படுத்தும் அரசிடமிருந்து காக்காது. ஆனால் அப்படி உரிமை முடிவுக்கு வந்தவருக்குத் தம் நட்டத்தைத் தனியே கோர இடமுண்டு. 2025 ஜனவரியில் ஜனாதிபதி கையெழுத்திட்ட புதிய கையகப்படுத்தல் சட்டமும், அறிவிப்பில் விலக்கு அளிக்கப்படாத வரை, பதிவில்லாத உரிமைகள் நிலத்தோடு சேர்ந்தே எடுக்கப்படும் என்ற ஏற்பாட்டையே கொண்டிருக்கிறது. ஆகவே வாடகைதாரர் தம் கோரிக்கையை விட்டுக்கொடுத்தால் அது அப்படியே உங்கள் கைக்கு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அது யாருக்கும் கிடைக்காமல் போய், அரசுக்கு மிச்சமாகும்.

இனி உங்கள் அண்ணன் சொன்ன விஷயம். இந்த வரைவில் மிக ஆபத்தான சொற்கள் "எந்தப் பகுதியையேனும்" என்பவைதாம். முன்துண்டு மட்டும் போனால் கட்டடம் அப்படியே நிற்கும், சூப்பர்மார்க்கெட்டும் நடந்துகொண்டிருக்கும். ஆனால் ஒப்பந்தம் செத்துவிடும். அடுத்த நாள் அவர்கள் உங்களிடம் வந்து, பாதி வாடகைக்கு இருக்கிறோம், இல்லையென்றால் போகிறோம் என்று சொல்லலாம். வணிகக் கட்டடத்தின் சந்தை மதிப்பு அது ஈட்டும் வாடகையைக் கொண்டே பெரும்பாலும் கணிக்கப்படுகிறது என்பதால், முறிந்த ஒப்பந்தம் மீதமுள்ள சொத்தின் மதிப்பையும் கீழே இழுத்துவிடும். அந்த வீழ்ச்சியை இழப்பீட்டில் சேர்க்கக் கேட்டால், அது நிலம் எடுத்ததால் வந்ததல்ல, நீங்களே எழுதிய ஷரத்தால் வந்தது என்று எதிர்த்தரப்பு வாதிடும்.

நான் எழுதுவதாக இருந்தால், முழு நிலமும் எடுக்கப்படுவதையும் ஒரு பகுதி மட்டும் எடுக்கப்படுவதையும் தனித்தனியே பிரிப்பேன். கட்டடம் முழுவதும் போனால் ஒப்பந்தம் முடியட்டும். அதில் சிக்கல் இல்லை. ஒரு பகுதி மட்டும் போனால் ஒப்பந்தம் தொடர வேண்டும், வாடகை குறைய வேண்டும். குறைக்கும் அளவுகோலை இப்போதே எழுத வேண்டும். கடையின் தரைப்பரப்பு குறைந்தால் பரப்பின் விகிதப்படி குறைக்கலாம். நிறுத்துமிடம் மட்டும் குறைந்தால், இரு தரப்பும் ஏற்கும் ஒரு பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் குறிப்பிட்ட நாட்களுக்குள் தீர்மானிக்கும் தொகையைக் குறைக்கலாம். ஷரத்து எதுவும் இல்லாவிட்டாலும், தம் தவறின்றிப் பயன்பாட்டை இழந்த வாடகைதாரர் பொதுச்சட்டப்படி வாடகைக் குறைப்புக் கேட்க முடியும். ஆனால் எவ்வளவு என்பதே ஒரு வழக்காக வளரும். வாடகைதாரர் வெளியேறும் உரிமையையும் ஓர் எல்லைக்குள் வைக்க வேண்டும். நிறுத்துமிடம் இத்தனை எண்ணிக்கைக்குக் கீழே போனால் மட்டுமே, அதுவும் முறையான அறிவிப்பு கிடைத்து இத்தனை நாட்களுக்குள் எழுத்தில் தெரிவித்தால் மட்டுமே அவர் விலகலாம் என்று எழுதுங்கள். பின்பக்கம் மாற்று நிறுத்துமிடம் அமைத்துத் தர உங்களுக்கு இடமிருந்தால், அதற்கு ஒரு வாய்ப்பும் கால அளவும் ஷரத்திலேயே இருக்கட்டும்.

இன்னொன்று: எந்த நாளிலிருந்து என்பது. அறிவிப்பு நாள், உரிமை அரசுக்கு மாறும் நாள், அரசு நிலத்தைக் கையில் எடுக்கும் நாள் ஆகிய மூன்றும் வேறு வேறாக இருக்கலாம். 1975 சட்டத்தின்படி உரிமை மாறிய பிறகும், அரசு நிலத்தைக் கையில் எடுக்கும் வரை அதைப் பயன்படுத்தவும் அதன் வருமானத்தைப் பெறவும் பழைய உரிமையாளருக்கு உரிமையுண்டு. வரிகளைச் செலுத்தும் பொறுப்பும் அதுவரை அவருக்கே. ஆகவே வாடகைக் குறைப்பு, நிலம் உண்மையாகக் கைமாறும் நாளிலிருந்து மட்டுமே தொடங்கும் என்று எழுதிக்கொள்ளுங்கள். முகவர் தந்த வரைவின்படி, வாகனங்கள் வழக்கம்போல நின்றுகொண்டிருக்கும் மாதங்களுக்கும் உங்களுக்கு வாடகை வராமல் போகலாம்.

இசிப்பிங்கோ கடைக்காரன் (பதில்)

ஐயா எழுதியது உரிமையாளர் பக்கத்திலிருந்து தெளிவாக இருக்கிறது. நான் வாடகைக்குக் கடை நடத்துபவன். அந்தப் பக்கத்தையும் சகோதரி கேட்பது நல்லது.

நாங்கள் ஒரு கடையைத் திறக்கும்போது குளிர்பதன அறை, அலமாரிகள், மின்னிணைப்பு, தரை என்று பெரும் பணத்தை இன்னொருவரின் சுவர்களுக்குள் போடுகிறோம். நிலம் போனால் இவற்றில் பலவற்றைக் கழற்றி எடுத்துச் செல்ல முடியாது. எந்த இழப்பீட்டையும் கோரக் கூடாது என்ற வரியைப் படிக்கும் எந்த வாடகைதாரரும், தம் முதலீட்டைக் குறைத்துக்கொள்வார் அல்லது குறைந்த வாடகை கேட்பார். உரிமையாளரின் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் உரிய தொகை அவருக்கு. வாடகைதாரர் தம் செலவில் செய்த பொருத்தங்கள், இடம்பெயரும் செலவு, மீதமிருந்த ஒப்பந்தக் காலத்தின் நட்டம் ஆகியவற்றை வாடகைதாரர் தாமே அரசிடம் கேட்டுப் பெறலாம். ஒருவர் கோரிக்கை மற்றவர் தொகையைக் குறைக்காத வகையில் இருவரும் ஒத்துழைக்க வேண்டும். இப்படி எழுதினால் உங்களுக்கு ஒரு ராண்டுகூடக் குறையாது. வாடகைதாரரும் நம்பிக்கையோடு கையெழுத்திடுவார்.

1975 சட்டத்தின்கீழ் அறிவிப்பு வந்தால், உரிமையாளர் 60 நாட்களுக்குள் தரும் பதிலில் பதிவில்லாத வாடகைதாரர்களின் விவரத்தையும் குறிப்பிட வேண்டும். அதைக் குறிப்பிடாமல் விட்டால் எங்களுக்குச் செய்தியே வராது. அறிவிப்பின் நகலை உடனே வாடகைதாரருக்குத் தரும் கடமையை ஷரத்தில் சேர்க்கும்படி நான் எப்போதும் கேட்பேன். உங்கள் மேல்தளத் தையல் கடைக்காரரையும் மறந்துவிடாதீர்கள். அவரிடம் வழக்கறிஞர் இருக்க மாட்டார்.

டொங்காட் மாமரம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மேல்தளத்தில் இருப்பவர்களைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. அவர்களின் ஒப்பந்தங்களிலும் இதையே எழுதச் சொல்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. கட்டடத்தின்மேல் வங்கி அடமானம் இருக்கிறது. இழப்பீட்டுப் பணம் நேராக வங்கிக்குப் போய்விடுமா? அடுத்தது, புதிய சட்டத்தின்படி இழப்பீடே இல்லாமல் நிலத்தை எடுக்கலாம் என்று ஊரில் எல்லோரும் பேசுகிறார்கள். அது உண்மையென்றால் இந்த ஷரத்துக்கெல்லாம் என்ன பொருள் இருக்கிறது?

பழைய வங்கிக் கணக்கர் (பதில்)

அடமானத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அம்மா. அடமானப் பத்திரத்தை எடுத்து, கையகப்படுத்தல் பற்றிய பகுதியைப் படியுங்கள். பெரும்பாலான பத்திரங்களில், சொத்து எடுக்கப்பட்டால் இழப்பீடு கோரும் உரிமையை முன்னதாகவே வங்கிக்கு ஒப்படைத்ததாக ஒரு வரி இருக்கும். சட்டமும் அடமானம் பெற்ற வங்கியைக் கடந்து பணம் போக விடுவதில்லை. உரிமையாளரும் வங்கியும் எப்படிப் பிரித்துக்கொள்வது என்று ஒத்துக்கொண்டு தெரிவித்த பிறகே தொகை கொடுக்கப்படும்.

இதில் கவனிக்க வேண்டியது, எடுக்கப்பட்ட நிலத்தின்மேல் இருந்த அடமானம் நீங்கினாலும் கடன் நீங்காது என்பது. வந்த தொகை கடனைவிடக் குறைவாக இருந்தால் மீதிக்கு நீங்களே பொறுப்பு. ஒரு பகுதி மட்டும் எடுக்கப்படும்போது வேறொரு சிக்கல் வரும். முன்துண்டுக்கு வந்த முழுத் தொகையையும் வங்கி கடனில் வரவு வைத்துக்கொண்டால், பின்பக்கம் புதிய நிறுத்துமிடம் அமைக்கவோ நுழைவாயிலை மாற்றவோ உங்களிடம் பணம் இருக்காது. நிறுத்துமிடம் இல்லையென்றால் வாடகைதாரர் விலகுவார். வாடகை இல்லையென்றால் தவணை கட்ட முடியாது. அதனால் வங்கிக்கும் நன்மையில்லை. எனவே இப்போதே, முறையான அறிவிப்பு வருவதற்கு முன்பே, வங்கிக்கு எழுதி ஓர் உடன்பாடு கேளுங்கள்: மீதமுள்ள சொத்தின் மதிப்பு கடனுக்குப் போதிய ஈடாக இருக்கும்வரை, சீரமைப்புக்குத் தேவையான தொகையை முதலில் உங்களுக்கு விட வேண்டும் என்று. அமைதியாக இருக்கும் காலத்தில் கேட்டால் வங்கிகள் பேச்சுக்கு வரும். தவணை தவறிய பிறகு வருவதில்லை.

வாடகை ஒப்பந்தமும் அடமானப் பத்திரமும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்க வேண்டும். இழப்பீட்டுப் பணத்தில் நிறுத்துமிடம் கட்டித் தருவேன் என்று வாடகைதாரருக்கு வாக்களித்துவிட்டு, அதே பணத்தை வங்கிக்கு ஒப்படைத்திருந்தால் இரண்டு பக்கமும் உங்கள்மேல் வழக்கு வரும்.

பத்திர வாசகன்

வங்கி பற்றிய பதிலை முழுவதும் ஏற்கிறேன். இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன்.

புதிய சட்டத்தின் 12-ஆம் பிரிவில், இழப்பீடு எதுவும் இல்லாமலிருப்பதே நியாயமாக அமையக்கூடிய சில சூழ்நிலைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. உரிமையாளர் நிலத்தை எதற்கும் பயன்படுத்தாமல், மேம்படுத்தவோ வருமானம் பெறவோ எண்ணாமல், விலை ஏறட்டும் என்று மட்டும் வைத்திருப்பது. பொறுப்பேற்க முடிந்தும் நிலத்தைக் கைவிட்டுவிடுவது. நிலத்தின் சந்தை மதிப்பு அதில் அரசு நேரடியாகப் போட்ட முதலீட்டின் மதிப்புக்குச் சமமாகவோ குறைவாகவோ இருப்பது போன்றவை அவை. அவற்றிலும் அது தானாக நடப்பதில்லை. எல்லாச் சூழலையும் எடைபோட்டு, பொதுநலனுக்காக நிலம் எடுக்கப்படும்போது மட்டுமே அப்படி முடிவு செய்யலாம். வாடகைக்குக் கடை நடக்கும் உங்கள் கட்டடம் இவற்றில் எதிலும் பொருந்துவதாக எனக்குத் தெரியவில்லை. ஊர்ப்பேச்சைக் கேட்டு அம்மா தூக்கத்தை இழக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அதே நேரம், சந்தை விலை முழுவதும் எப்போதும் கிடைத்தே தீரும் என்றும் எண்ணிவிடக் கூடாது. தற்போதைய பயன்பாடு, சொத்து வந்த வரலாறு, சந்தை மதிப்பு, அரசின் முதலீடு, எடுக்கும் நோக்கம் ஆகிய அனைத்தையும் பார்த்து, பொதுநலனுக்கும் உங்கள் நலனுக்கும் இடையே நியாயமான சமநிலை காண வேண்டும் என்பதே சாசனத்தின் அளவுகோல். சந்தை மதிப்பு அதில் ஒன்று. ம்சிசா வழக்கில் 18 லட்சம் ராண்டு என்றிருந்த சந்தை மதிப்பிலிருந்து நில உரிமை நீதிமன்றம் 3 லட்சத்தைக் குறைத்தது. 2017-இல் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம், அந்தக் குறைப்புக்குப் போதிய அடிப்படை இல்லை என்று 18 லட்சத்தையே திரும்ப வைத்தது. குறைப்பதற்கும் காரணம் காட்ட வேண்டும் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

தொகை முடிவாகும் முன்பே நிலத்தை எடுத்துவிடுவார்களா என்று அடுத்துக் கேட்பீர்கள். டர்பனை நிர்வகிக்கும் நம் எத்தெக்வினி மாநகராட்சி ஒரு தரப்பாக இருந்த ஹஃபெஜீ வழக்கில், 2011-இல் அரசியல் சாசன நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. தொகை முடிவாகவில்லை என்பதற்காக மட்டும் கையகப்படுத்தல் செல்லாததாகிவிடாது; ஆனால் பொதுவாக அது முன்னதாகவே முடிவாக வேண்டும், முடியாதபோது நியாயமான விரைவில் முடிவாக வேண்டும். ஆகவே உரிமை கைமாறிய பிறகும் தொகைக்காகக் காத்திருக்கும் ஒரு காலம் உங்களுக்கு வரலாம். அந்தக் காலத்தில் வாடகை எவ்வளவு, வங்கித் தவணை எப்படி என்பதற்கு ஷரத்தும் வங்கி உடன்பாடும்தான் விடை சொல்ல வேண்டும்.

அறிவிப்பு வந்தால் அது எந்தச் சட்டத்தின்கீழ் வந்தது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கெடு நாட்களும் படிவங்களும் அதைப் பொறுத்தவை. அறிவிப்புக்குப் பிறகு செய்யும் மேம்பாடுகளின் மதிப்பை, பராமரிப்புக்குத் தேவையானவை தவிர, 1975 சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் முகப்பைப் புதுப்பிக்கும் திட்டம் இருந்தால் நிறுத்திவையுங்கள். சாலைத் திட்டத்தாலேயே ஏறிய மதிப்பையோ இறங்கிய மதிப்பையோ கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தின் விதி. திட்டம் வருகிறது என்ற செய்தியாலேயே விலை குறைந்துவிட்டது என்று யாரேனும் சொல்லிக் குறைவான தொகையை நீட்டினால், இந்த விதியைக் காட்டலாம். ஒப்பந்தத்தை இப்போது புதுப்பிப்பதில் தவறில்லை. வாடகை இன்றைய சந்தைக்கு ஏற்றதாகவும், வந்த கடிதத்தைப் பற்றி வாடகைதாரருக்குத் தெரிவித்ததாக எழுத்தில் இருப்பதாகவும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய வங்கிக் கணக்கர்

வரியைப் பற்றி ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கையகப்படுத்தலில் வந்த பணத்தையும் மூலதன ஆதாய வரிக்குரிய விற்பனையாகவே வருமான வரிச் சட்டம் பார்க்கிறது. ஆனால் தொகை முழுவதையும் மாற்றுச் சொத்துக்குச் செலவிட்டு, 12 மாதங்களுக்குள் அதற்கான ஒப்பந்தம் செய்து, 3 ஆண்டுகளுக்குள் அதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தால், அந்த வரியைத் தள்ளிப்போடும் வாய்ப்பு அச்சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உண்டு. வங்கி முழுத் தொகையையும் கடனில் வரவு வைத்துவிட்டால் இந்த வாய்ப்பும் கைநழுவும் என்பதை வங்கிக்கு எழுதும் கடிதத்தில் ஒரு காரணமாகவே குறிப்பிடுங்கள். கணக்காளரை வழக்கறிஞரோடு ஒரே நாளில் உட்கார வையுங்கள்.

டொங்காட் மாமரம்

அண்ணனும் நானும் இதை முழுவதும் அச்செடுத்து வரிவரியாகப் படித்தோம். "எந்தப் பகுதியையேனும்" என்ற சொற்களை நீக்கி, முழு நிலத்துக்கும் ஒரு பகுதிக்கும் தனித்தனிப் பத்திகளாக எழுதும்படியும், வாடகைதாரரின் தனிக் கோரிக்கையை அனுமதிக்கும்படியும், குறைப்பு நிலம் கைமாறும் நாளிலிருந்தே தொடங்கும்படியும் வழக்கறிஞருக்கு எழுதியிருக்கிறோம். வங்கிக்கான கடிதம் திங்கட்கிழமை போகிறது. அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை இங்கேயே எழுதுகிறேன்.